மின்சாரம் விற்க யாருக்கு உரிமம்? கூலிம் வட்டாரம் சொல்லும் வரலாறு

1990களின் பிற்பகுதியில் கூலிம் பட்டணத்தில் குடியிருந்த ஒருவருக்கு மாதந்தோறும் வந்த மின்சார பில்லில் தெனாகா நேஷனல் என்ற பெயர் இருந்தது. அதே கூலிம் மாவட்டத்தில், ஹைடெக் பார்க் எல்லைக்குள் இருந்தவருக்கு வந்த பில்லில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே மலையும் இல்லை, கடலும் இல்லை. காரில் போனால் சில நிமிடப் பயணம். ஒரே மாவட்டம், ஒரே மின்சாரம். ஆனால், விற்பவர் மட்டும் வேறு.

இது எப்படி? நாடு முழுவதும் தெனாகாதானே மின்சாரம் கொடுக்கிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், எந்த நிறுவனமும் தானாக வந்து மின்சாரம் விற்றுவிட முடியாது. அதற்கு அரசாங்கம் ஓர் உரிமம் தர வேண்டும். எந்த எல்லைக்குள் விற்கலாம், எத்தனை ஆண்டுகளுக்கு விற்கலாம், வாங்குபவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த உரிமத்தையும் அதைத் தரும் சட்டத்தையும் பொறுத்தவை. அந்தத் தாளுக்குப் பின்னால் நூறு ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் கெடா தோட்டத் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அது வரிசையின் கடைசி இடம் என்பதுதான் வேதனை.

ரவாங்கில் எரிந்த முதல் விளக்கு

மலாயாவில் மின்சாரத்தின் கதை தொடங்குவதே ஒரு தமிழர் பெயரோடுதான். 1894-ஆம் ஆண்டு சிலாங்கூர், ரவாங்கில் இருந்த ஈயச் சுரங்கத்தில் கே.தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் மின்சார இயந்திரத்தை நிறுவினார்கள். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை உருவாக்கிய அதே தம்புசாமி பிள்ளைதான். சுரங்க வேலைக்கு மின்சாரத்தைப் பயன்படுத்திய முதல் முயற்சியாக அது கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது. 1900-இல் பகாங், ரவூப்பில் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுத்தது. 1904-இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நகராட்சியே மின் விநியோகத்தைத் தொடங்கியது.

இந்த நான்கு தொடக்கங்களையும் கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். ரவாங்கிலும் ரவூப்பிலும் முதலாளி தம் தொழிலுக்காக, தம் இடத்தில், தாமே மின்சாரம் உற்பத்தி செய்தார். ஜார்ஜ்டவுனில் ஊர் மக்களுக்கு விற்பதற்காக மின்சாரம் உற்பத்தியானது. தனக்கென்று உண்டாக்குவது ஒன்று. பிறருக்கு விற்பது இன்னொன்று. கிணறு வெட்டி வீட்டுக்குத் தண்ணீர் இறைப்பதற்கும், அதே தண்ணீரைக் குழாய் போட்டு ஊருக்கு விற்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. மின்சார உரிமச் சட்டங்கள் இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் தோட்டங்களில் நடந்தது புரியும்.

உரிமம் எதற்கு?

கடையில் அரிசி பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்சாரத்தில் அது முடியாது. ஒரு தெருவுக்கு ஒரு கம்பிதான். ஐந்து நிறுவனங்கள் ஐந்து வரிசைக் கம்பம் நட்டால் ஊரும் தாங்காது, செலவும் கட்டாது. அதனால் எந்த நிறுவனம் முதலில் கம்பி இழுக்கிறதோ அதுவே அந்த ஊருக்கு ஒரே கடையாகிவிடுகிறது. பொதுச் சாலையைத் தோண்டவும் அதற்கு அனுமதி வேண்டும்.

பிரிட்டன் இதை 1882-ஆம் ஆண்டிலேயே உணர்ந்தது. அந்த ஆண்டு வந்த மின்விளக்குச் சட்டம், நிறுவனங்களுக்கு 21 ஆண்டுகள் அவகாசம் கொடுத்தது. அதற்குப் பிறகு உள்ளூராட்சி மன்றம் விரும்பினால் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொள்ளலாம். போட்ட முதலை எடுக்க இது போதாது என்று முதலீட்டாளர்கள் முரண்டு பிடித்தார்கள். 1888-இல் அந்தக் காலம் 42 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் 1907-இல் நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்கள் மின் நிறுவனங்களைக் கண்காணிக்க ஆணையங்களை அமைத்தன. விந்தை என்னவென்றால், சிகாகோ மின்சார முதலாளி சாமுவல் இன்சல் அதற்கு முன்பே, 1898-இல், அரசாங்கம் எங்களைக் கட்டுப்படுத்தட்டும் என்று கேட்டிருந்தார். கட்டணத்தை அரசாங்கம் தீர்மானிக்கட்டும், பதிலுக்குப் போட்டியாளரை உள்ளே விடக்கூடாது என்பது அவருடைய கணக்கு.

ஆக, உரிமம் என்பது ஒரு பேரம். நிறுவனத்துக்கு ஊரில் தனி உரிமை கிடைக்கிறது. அதற்கு விலையாக அது கேட்டவருக்கெல்லாம் மின்சாரம் தர வேண்டும். நியாயமான கட்டணம் வாங்க வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். இந்தப் பேரத்தில் பேசுகிறவர்கள் இருவர்: அரசாங்கம், நிறுவனம். பில் கட்டுகிற மூன்றாவது ஆள் அந்த மேசையில் இல்லை. அவருக்காகப் பேச வேண்டியது அரசாங்கம்தான்.

கெடா பட்டணங்களுக்கு வந்த வெளிச்சம்

கெடா, கூட்டரசில் சேராத மலாய் மாநிலம். 1909-ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது பிரிட்டிஷ் ஆலோசகரின் கீழ் வந்தாலும், சிலாங்கூர், பேராக் போல ஒரே நிர்வாகத்தில் சேர்க்கப்படவில்லை. அதனால் அங்கே பட்டணங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் வேலையைத் தனியார் செய்தார்கள். பினாங்கைத் தளமாகக் கொண்ட ஹட்டன்பாக் நிறுவனம் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களில் மின்சாரம் விநியோகம் செய்தது. பேராக்கில் 1926-இல் தொடங்கப்பட்ட பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம், செண்டெரோ அணையிலிருந்து கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. வடக்கே ஒருவர், பேராக்கில் ஒருவர், பினாங்கில் நகராட்சி என்று நாடு பல துண்டுகளாகக் கிடந்தது.

கம்பி எங்கே போனது என்று பார்த்தால் அன்றைய கணக்கு புரியும். கடைத்தெரு, அரசாங்க அலுவலகம், துரைமார் பங்களா, சுரங்கம், ஆலை. பணம் இருக்கும் இடத்துக்குக் கம்பி போனது. கூலிம் பட்டணத்துக் கடைகளில் மின்விளக்கு எரிந்த காலத்தில், சில மைல் தள்ளி இருந்த ரப்பர் தோட்டங்களின் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

எஞ்சின் கொட்டகையின் நேரம்

பாடாங் செராய் பக்கம் விக்டோரியா, ஹென்ரியேட்டா, பாடாங் மேஹா, புக்கிட் செலாரோங். இன்னும் உள்ளே போனால் டப்ளின் தோட்டம். கூலிம் மாவட்டத்துத் தமிழர்களுக்கு இந்தப் பெயர்கள் ஊர்ப்பெயர்கள் போல. இங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் மின்சாரம் என்றதும் அவர்கள் சொல்வது எஞ்சின் கொட்டகையைத்தான்.

மலாயாவின் பல தோட்டங்களில் நிர்வாகம் சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருந்தது. அதன் முதல் வேலை ஆலையையும் பங்களாவையும் கவனிப்பது. லயங்களுக்கு இரவில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் விடுவார்கள். விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தால், இன்னும் சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும் என்று அர்த்தம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மெழுகுவர்த்தியைத் தேடும். விடிகாலையில் பிரட்டுக்குப் போக வேண்டிய தாய், இருட்டிலேயே அடுப்பு மூட்டுவாள். தொலைக்காட்சி வந்த காலத்தில் கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுபோய் சார்ஜ் செய்து வந்து படம் பார்த்த குடும்பங்கள் உண்டு.

இதை வெறும் கஷ்டக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால், இதற்குள் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. தோட்டத்து ஜெனரேட்டர் மின்சாரம் விற்கவில்லை. நிர்வாகம் தன் சொந்த நிலத்தில், தன் சொந்தக் கட்டடங்களுக்கு அதைப் பயன்படுத்தியது. லயம் யாருடையது? தோட்டத்துடையது. அதில் குடியிருந்தவர்? தோட்டத்தின் தொழிலாளி. எனவே அவர் மின்சாரத்தின் வாடிக்கையாளர் அல்லர். அவர் பெயரில் மீட்டர் இல்லை, பில் இல்லை. எஞ்சினை இரவு பத்து மணிக்கு ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்க அவருக்கு எந்த உரிமப் பத்திரத்திலும் இடம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கிராமப்புற மின்சாரத் திட்டங்களைக் கொண்டுவந்தது. கம்பங்களுக்குக் கம்பி போனது. தோட்டங்களோ தனியார் நிலம். அங்கே வசதி செய்வது முதலாளியின் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. பட்டணமும் இல்லை, கிராமமும் இல்லை என்று தோட்ட மக்கள் நடுவில் நின்றார்கள். அரசாங்கம் முதலாளியைக் காட்டியது. முதலாளி செலவுக் கணக்கைக் காட்டினார்.

வாரியம் பிறந்தது

போருக்குப் பிறகு, துண்டு துண்டாகக் கிடந்த மின் விநியோகத்தை ஒன்றாக்கும் வேலை தொடங்கியது. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. மலாய் மொழியில் லெம்பாகா லெத்ரிக் நெகாரா. நம் பெரியவர்கள் இன்றைக்கும் தெனாகாவை எல்.எல்.என். என்று சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். கெடா பட்டணங்களில் தனியார் நடத்திய விநியோகமும் வாரியத்தின் கைக்கு வந்தது. 1976-இல் பினாங்கு நகராண்மைக் கழகத்தின் மின் விநியோகமும், 1982-இல் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனமும் வாரியத்தோடு சேர்ந்தன. தீபகற்பம் முழுவதும் ஒரே விநியோகிப்பாளர் என்ற நிலை அப்போதுதான் முழுமையானது.

இதே போக்கைத் தமிழ்நாட்டிலும் காணலாம். மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம் உரிமம் பெற்றுச் சென்னை நகருக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. 1947-இல் சென்னை அரசாங்கம் அதை வாங்கிக்கொண்டது. போருக்குப் பிந்தைய காலத்தில் உலகின் பல நாடுகள் நம்பியது இதைத்தான்: ஒரே கம்பி என்றால் அதை அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டும். அரசாங்கமே விற்கும்போது உரிமத்தைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விடுகிறது. விற்பவரும் அவரே, கண்காணிப்பவரும் அவரே.

அடுத்தடுத்த எண்களில் இரண்டு சட்டங்கள்

1990-ஆம் ஆண்டு எல்லாம் மாறியது. டாக்டர் மகாதீர் அரசாங்கத்தின் தனியார்மயக் கொள்கையின் கீழ், வாரியம் தெனாகா நேஷனல் பெர்ஹாட் என்ற நிறுவனமாக மாறியது. தேதி, மறுபடியும் செப்டம்பர் 1. மத்திய மின்சார வாரியம் பிறந்து சரியாக 41 ஆண்டுகள். 1992-இல் அதன் பங்குகள் கோலாலம்பூர் பங்குச் சந்தைக்கு வந்தன.

விற்பவர் அரசாங்கத் துறையாக இல்லாமல் நிறுவனமாகிவிட்டால், அவரைக் கட்டுப்படுத்த உரிமம் வேண்டும். அதற்காக வந்ததுதான் 1990 மின்சார விநியோகச் சட்டம். சட்ட எண் 447. அதன் 9-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் யாரும் பிறருக்கு மின்சாரம் விநியோகம் செய்யக்கூடாது. தெனாகாவுக்கு 21 ஆண்டுகளுக்கு உரிமம் தரப்பட்டது. 1882-இல் லண்டனில் எழுதிய அதே எண் இங்கேயும் வந்து நின்றது. உரிமம் பெற்றவர், ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ கேட்டால் மின்சாரம் தரக் கடமைப்பட்டவர் என்று சட்டம் சொன்னது. கட்டண உயர்வுக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். மேற்பார்வைக்கு மின்சார விநியோகத் துறை ஒன்றும் அமைக்கப்பட்டது.

அதே ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம். அதன் எண் 446. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை என்று அது வகுத்தது. அதை அமலாக்க வேண்டியது தொழிலாளர் இலாகா.

446, 447. அடுத்தடுத்த எண்கள். நாட்டின் சட்டப் புத்தகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 447-ஆம் சட்டத்தின் கண்ணில் பட்டணத்து வீட்டுக்காரர் ஒரு பயனீட்டாளர். அவருக்கு விநியோகிப்பாளரிடம் நேரடி உரிமை உண்டு. 446-ஆம் சட்டத்தின் கண்ணில் லயத்துக் குடும்பம் முதலாளியின் பொறுப்பு. அதே 447-ஆம் சட்டம், சொந்த நிலத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் உற்பத்தி செய்வதைத் தனியார் நிறுவல் என்று வேறாகவே வகைப்படுத்தியது. தோட்டத்து ஜெனரேட்டர் இந்த வகையில்தான் அடங்கும். தம்புசாமி பிள்ளை காலத்து ரவாங் சுரங்கத்துக்கும் ஜார்ஜ்டவுன் நகராட்சிக்கும் இருந்த அதே வேறுபாடு, நூறு ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை. ஒரே இரவில், ஒரே மாவட்டத்தில், விளக்கு அணைந்தால் ஒருவர் விநியோகிப்பாளரைக் கேட்கலாம். இன்னொருவர் மண்டோரிடம் சொல்லி, மண்டோர் கிராணியிடம் சொல்லி, கிராணி துரையிடம் சொல்ல வேண்டும்.

இருள் கொடுத்த அதிர்ச்சி

1992-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி தீபகற்ப மலேசியா இருளில் மூழ்கியது. மின்சாரத்தைப் போதுமான அளவு உற்பத்தி செய்ய ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க முடியாது என்ற எண்ணம் வலுத்தது. 1993-இல் ஒய்.டி.எல். நிறுவனத்துக்குச் சுயேச்சை மின் உற்பத்தியாளர் என்ற முதல் உரிமம் கிடைத்தது. அதன் பின்னால் பலர் வந்தார்கள். இவர்கள் மின்சாரத்தை வீடுகளுக்கு விற்கவில்லை, தெனாகாவுக்கு விற்றார்கள். நீண்டகால ஒப்பந்தம். அந்த ஒப்பந்தங்களின் விதிமுறைகள் உற்பத்தியாளர்களுக்கே சாதகமானவை என்ற விமர்சனம் பல ஆண்டுகள் நீடித்தது. 1996 ஆகஸ்டு 3-ஆம் தேதி மீண்டும் ஒருமுறை நாடு தழுவிய இருட்டடிப்பு வந்தபோது, உற்பத்தி உரிமங்களை மட்டும் கூட்டினால் போதாது, கம்பிகளையும் கட்டுப்பாட்டு முறையையும் கவனிக்க வேண்டும் என்பது புரிந்தது.

கூலிமுக்கு வந்த தனி நிறுவனம்

இந்தச் சூழலில்தான் கூலிம் ஹைடெக் பார்க் உருவானது. 1996-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட இது, நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. ரப்பரும் செம்பனையும் விளைந்த வட்டாரத்தில் கணினிச் சில்லுகள் விளையத் தொடங்கின. இண்டெல் வந்தது; 2006-இல் இன்ஃபினியோன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைக்கு ஒரு நொடி மின்தடையும் பெரிய நஷ்டம். இருட்டடிப்பைக் கண்ட நாட்டில் வெளிநாட்டு முதலீட்டாளரை எப்படி நம்ப வைப்பது?

அதற்கு அரசாங்கம் கண்ட வழி, பூங்காவுக்கென்று தனி மின் நிறுவனம். நோர்தன் யூட்டிலிட்டி ரிசோர்சஸ், சுருக்கமாக நூர். இதற்குக் கிடைத்தது சாதாரண உற்பத்தி உரிமம் அல்ல. பூங்கா எல்லைக்குள் மின்சாரத்தை உற்பத்தி செய்யவும், கம்பி இழுக்கவும், நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கவும் உரிமம். 220 மெகாவாட் எரிவாயு மின் நிலையமும் எழுந்தது. ஹட்டன்பாக் காலத்துக்குப் பிறகு, கூலிம் மாவட்டத்தில் மீண்டும் ஒரு தனியார் நிறுவனம் நேரடியாக மக்களுக்கு மின்சாரம் விற்றது. வட்டம் முழுதாகச் சுற்றி வந்துவிட்டது.

ஆனால், சிறிய எல்லைக்குள் பெரிய முதல் போடுவது ஆபத்தானது. தெனாகாவுக்கு இலட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள். ஓர் ஊரில் ஆலை மூடினால் இன்னோர் ஊர் தாங்கும். ஒரு பூங்காவை மட்டும் நம்பிய நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. 1997-98 ஆசிய நிதி நெருக்கடி எல்லாருடைய கணக்குகளையும் புரட்டிப்போட்டது. 2000களில் நூர் நிறுவனம் கடன் சிக்கலில் மாட்டி, கடன் கொடுத்தவர்கள் நியமித்த நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. இருந்தும் பூங்காவின் தொழிற்சாலைகள் தொடர்ந்து ஓடின. ஒரு மளிகைக் கடை நொடித்தால் கதவைச் சாத்திவிடலாம். மின்சார உரிமம் வாங்கியவர் அப்படிச் சாத்திவிட்டுப் போக முடியாது. உரிமத்தின் அருமை நல்ல காலத்தில் தெரியாது. நிறுவனம் தள்ளாடும்போதுதான் தெரியும்.

அயல்நாடுகள் கற்ற பாடம்

இந்தப் பாடத்தைப் பெரிய நாடுகளும் பெரிய விலை கொடுத்துக் கற்றன. கலிபோர்னியாவில் சந்தையைத் திறந்துவிட்ட வேகத்தில் 2000, 2001-ஆம் ஆண்டுகளில் மின்வெட்டும் விலையேற்றமும் வந்தன. அந்தச் சந்தையில் விளையாடிய என்ரோன் 2001 டிசம்பரில் திவாலானது. பிரிட்டனில் சொந்தமாக ஒரு கம்பிகூட இல்லாத நிறுவனங்களுக்கும் மின்சாரம், எரிவாயு விற்கும் உரிமம் கொடுத்தார்கள். 2021-இல் எரிவாயு விலை ஏறியதும் ஏறக்குறைய 30 நிறுவனங்கள் விழுந்தன. பல்ப் என்ற நிறுவனம் மட்டும் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களோடு சிறப்பு நிர்வாகத்துக்குப் போனது.

பக்கத்திலேயே சிங்கப்பூரில் 2018 முதல் 2019 வரை படிப்படியாக வீடுகளுக்கு மின்சாரச் சந்தை திறந்துவிடப்பட்டது. மலிவான பேக்கேஜ் என்று மக்கள் நிறுவனம் மாறினார்கள். 2021 அக்டோபரில் ஐ-ஸ்விட்ச் என்ற நிறுவனம் வெளியேறுவதாக அறிவித்தது. அதன் வாடிக்கையாளர்கள் எஸ்.பி. குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். விளக்கு அணையவில்லை, ஆனால், மலிவு விலை ஒப்பந்தம் போய்விட்டது. கடைசியில் யார் ஏற்றுக்கொள்வார் என்பதைச் சட்டம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மக்கள் தப்பித்தார்கள். யாருக்கு உரிமம் தருவது என்பதைவிட, உரிமம் பெற்றவர் ஓடிவிட்டால் என்ன செய்வது என்பதே பெரிய கேள்வி.

ஆணையமும் தண்ணீரும்

மலேசியாவில் மேற்பார்வைப் பொறுப்பு 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எரிசக்தி ஆணையத்துக்கு வந்தது. சுருஹான்ஜெயா தெனாகா என்பது அதன் மலாய்ப் பெயர். 2002 ஜனவரி முதல் அது முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. மின்சாரத்தோடு குழாய் எரிவாயு விநியோகமும் அதன் கண்காணிப்பில் வந்தது.

அடுத்தது தண்ணீர். 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் அந்தச் சட்டத்தின் காவலர். கெடாவில் அரசாங்கத் துறை செய்துவந்த குடிநீர் விநியோகத்தை 2010-இல் சாடா என்ற ஷரிகாட் ஆயர் டாருல் அமான் ஏற்றுக்கொண்டது. மாநில அரசாங்கத்தின் நிறுவனமே என்றாலும் உரிம முறைக்குள் வரவேண்டும் என்பது இதிலிருந்த மாற்றம்.

பில்லில் பெயர் ஏறிய பிறகு

இதற்கிடையில் தோட்ட மக்கள் எங்கே போனார்கள்? தோட்டத் துண்டாடலிலும், பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் விற்கப்பட்டதிலும், லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பாடாங் செராய், லூனாஸ், கூலிம் தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் நம்மவர்கள் குடியேறினார்கள். முதன்முறையாக அவர்கள் பெயரில் மீட்டர் வந்தது. அப்பாவின் காலத்தில் எஞ்சின் கொட்டகையை நம்பியிருந்த குடும்பம், சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர் ஆனது.

இது பெரிய மாற்றம். ஆனால், உரிமையோடு செலவும் வந்தது. மின்கட்டணம் 2006 ஜூனில் சராசரி 12 விழுக்காடு உயர்ந்தது; 2008 ஜூலையில் மீண்டும் உயர்ந்தது. முதல் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்திய வீடுகளுக்கு அந்த உயர்வுகள் படவில்லை. 2008 அக்டோபர் முதல் 20 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பில்லை அரசாங்கமே ஏற்றது. இந்தச் சலுகைகளை எந்த நிறுவனமும் தானாகத் தரவில்லை. கட்டணத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் இருந்ததால்தான் கிடைத்தன. 2025 ஜூலை 1-ஆம் தேதி கட்டண அமைப்பு மாறி, எரிசக்தி, கட்டமைப்பு, சில்லறை விநியோகம் என்று பில் தனித்தனியாகப் பிரிந்தபோதும், மாதம் 600 யூனிட்டுக்கு மேல் போகாத வீடுகளுக்குச் சில்லறைக் கட்டணம் விலக்கப்பட்டது.

உரிமை தெரியாமல் இழப்பவர்களும் நம்மிடையே உண்டு. வாடகை வீட்டில் மீட்டர் பழைய குடியிருப்பாளர் பெயரிலேயே கிடக்கும். பிரச்சினை வந்தால் யார் பயனீட்டாளர் என்பதே குழப்பமாகிவிடும். பில்லைக் குறைத்துத் தருகிறேன் என்று வரும் ஆட்களிடம் மீட்டரைத் தொட விட்டால், பழி வீட்டில் இருப்பவர் மீதே விழும். மீட்டரில் கைவைத்ததற்கு ஆதாரம் கிடைத்தால் மின்சாரத்தைத் துண்டிக்கவும், விட்டுப்போன தொகையைக் கேட்கவும் விநியோகிப்பாளருக்குச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு பலமான அதிகாரம் தருகிறது. அதே சட்டம் கேட்டவருக்கு மின்சாரம் தரும் கடமையையும் அவர் மீது சுமத்தியிருக்கிறது. விநியோகிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்வது, பதில் திருப்தியில்லை என்றால் எரிசக்தி ஆணையத்துக்கு எழுதுவது, தண்ணீர் என்றால் ஸ்பானுக்கு எழுதுவது, உதவி வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளை நாடுவது ஆகிய வழிகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. இவற்றுக்கு மண்டோரும் வேண்டாம், கிராணியும் வேண்டாம்.

இன்னும் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்பவர்களுக்கு 446-ஆம் சட்டம் இருக்கிறது. பழைய லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் இடங்களும் உண்டு. அந்தச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். நேற்று நம் தாத்தா நின்ற இடத்தில் இன்று வேறொருவர் நிற்கிறார் என்பதை நாம் மறக்கக்கூடாது.

ரவாங்கில் முதல் விளக்கு எரிந்து 130 ஆண்டுகள் ஓடிவிட்டன. கம்பி இழுத்தவர்கள் மாறினார்கள், நிறுவனங்களின் பெயர்கள் மாறின, சட்டங்களும் மாறின. ஒரு கேள்வி மட்டும் ஒவ்வொரு உரிமத்தோடும் வருகிறது: இதில் யார் பயனீட்டாளர், யார் பயனீட்டாளர் அல்லர்? கூலிம் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்கு அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க மூன்று தலைமுறை ஆனது. கிடைத்த பதிலைப் பயன்படுத்துவது இனி நம் கையில்தான் இருக்கிறது.